மூன்று சிம், ஒரு நோட்டு

27 ஜூன் 2024, வியாழன்

ஜியோ இன்று அறிவித்துவிட்டது. ஜூலை 3 முதல் விலை கூடுகிறது. 155 ரூபாய் பேக் 189 ஆகிறது. தினம் ஒன்றரை ஜிபி தரும் 239 ரூபாய் பேக் 299. 84 நாள் 666 ரூபாய் பேக் 799. வருஷ பேக் 2,999இலிருந்து 3,599. இன்னொன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. அளவில்லாத 5ஜி இனி தினம் 2 ஜிபி, அதற்கு மேல் உள்ள பேக்குகளுக்கு மட்டும்தான்.

ஒரு நோட்டில் இந்த விலைகளை 2016 செப்டம்பரிலிருந்து எழுதி வருகிறேன். பேனாவும் பழைய போன் இரண்டும் சிம் மூன்றும் இருந்தால் போதும், இந்தப் பழக்கத்துக்கு வேறு செலவில்லை. விலையை எழுதும்போது பெயரோடு எழுதுவேன். வேகத்தையும் சிக்னலையும் எழுதும்போது முதல் சிம், இரண்டாவது சிம், மூன்றாவது சிம் என்று மட்டும். தென்காசியில் ஒரு தெருவில் நன்றாக இருக்கும் சிம் அடுத்த தெருவில் சுத்தும். ஒரு வீட்டு மாடியில் நான் பார்த்ததை வைத்து ஒரு நிறுவனத்துக்கே மார்க் போடுவது நியாயமில்லை.

28 ஜூன் 2024, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். ஏர்டெல்லும் சொல்லிவிட்டது: 179 ரூபாய் 199, 265 ரூபாய் 299, 299 ரூபாய் 349, வருஷத்துக்கு 24 ஜிபி தரும் 1,799 ரூபாய் 1,999. அதுவும் ஜூலை 3 முதல். வோடஃபோன் ஐடியா ஜூலை 4. பிஎஸ்என்எல் ஏற்றவில்லை.

2 ஜூலை 2024, செவ்வாய்

பழைய விலைக்கு இன்றே போட்டு வைத்துக்கொள்ளலாம், இப்போதைய பேக் முடிந்ததும் அது தானாகத் தொடங்கும். இது தெரிந்தவர்கள் எல்லாரும் சாயங்காலம் ரீசார்ஜ் கடையில் நின்றார்கள். அண்ணாச்சி ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் நம்பர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே பணம் போவது நின்று, மறுபடி ஓடும். யாரும் சத்தம் போடவில்லை.

எனக்கு முன்னால் ஒரு ஆச்சி. கையில் பட்டன் போன். அதன் பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த நோட்டுகளை எடுத்து வைத்தார்கள்.

“இன்கமிங் மட்டும் வந்தா போதும்யா. கம்மியா ஒண்ணும் கெடையாதா?”

“இல்ல ஆச்சி. இன்னைக்கு 179. நாளையில இருந்து 199.”

179 ரூபாய்க்குள் 2 ஜிபி நெட்டும் இருக்கிறது. அந்தப் போனில் நெட்டே கிடையாது. மகன் திருப்பூரில் இருக்கிறான், அவன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை. வராத தண்ணீருக்கு வரி கட்டுகிற மாதிரி மாதாமாதம் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பாக இருந்தது.

3 ஜூலை 2024, புதன்

கணக்குப் போட்டேன். பேக் 28 நாள் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை இல்லை, பதின்மூன்று முறை. 239 ரூபாய்க்குப் பதின்மூன்று முறை 3,107. 299க்கு 3,887. ஒரு சிம்முக்கு 780 ரூபாய் கூடுகிறது. நாலு பேர் உள்ள வீட்டில் நாலு போன் என்றால் அது 3,120.

இந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்காகவே டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பேக் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஆனாலும் கடையில் யாரும் அதைக் கேட்பதில்லை, 28தான் வாயில் வருகிறது.

நோட்டில் இனி இன்னொரு பத்தியும் வைக்கப் போகிறேன்: ஒரு நாளைக்கு எவ்வளவு. 189ஐ 28ஆல் வகுத்தால் 6.75. 199ஐ வகுத்தால் 7.11. 299 என்றால் 10.68. சும்மா வைத்திருக்கும் சிம்முக்கும் ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்.

14 ஜூலை 2024, ஞாயிறு

சீசன். இலஞ்சியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குற்றாலம் ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. சாரல் முகத்தில் அடித்தது.

விடியற்காலை 5.40க்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி மேல் போனை வைத்து அளந்தேன். முதல் சிம்: சிக்னல் மைனஸ் 84 டிபிஎம், வேகம் 41 எம்பிபிஎஸ். மத்தியானம் 12.15க்கு அதே மூடி, அதே சிம், போன் அதே பக்கம் பார்த்து: மைனஸ் 83 டிபிஎம், வேகம் 0.9. சாயங்காலம் 6 மணிக்கு 0.6. திரையில் நாலு கோடும் நிறைந்து நின்றது. ஒரு போட்டோ வாட்ஸாப்பில் போக மூன்று நிமிஷம் ஆனது.

“டவர் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் ஏன் சுத்துது?” இதைத்தான் எல்லாரும் என்னிடம் கேட்பார்கள். பேரருவியில் நின்றவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. விழும் தண்ணீர் ஓர் அளவுதான். காலையில் பத்துத் தலை நின்றால் ஆளுக்குத் தாராளமாக விழும். சீசன் ஞாயிற்றுக்கிழமை ஐநூறு தலை நின்றால் தோளில் நாலு துளிதான். அருவி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் போனில் உள்ள கோடு காட்டும், அருவிக்கடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் காட்டாது. டவரில் இருந்து ஒரு திசைக்கு ஒதுக்கியிருக்கும் அலைவரிசை, அந்தத் திசையில் உள்ள எல்லாப் போனுக்கும் பங்குதான்.

கோட்டை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் *#*#4636#*#* என்று அழுத்தினால் பல மாடல்களில் டிபிஎம் கணக்கு வரும். மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110 என்றால் தொங்கிக்கொண்டிருக்கிறது. மைனஸ் போட்ட எண் என்பதால், மைனஸுக்குப் பின்னால் இருப்பது சின்னதாக இருந்தால்தான் நல்லது. அது மூன்று கூடினால் சக்தி பாதியாகிறது. கூடவே எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொரு எண் இருக்கும், இரைச்சலுக்கு மேலே நம் சிக்னல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது அது. காலையில் 17 இருந்தது, மத்தியானம் 4. சிக்னல் அசையவே இல்லை, இதுதான் விழுந்தது.

இரண்டாவது சிம் மத்தியானத்திலும் 7 எம்பிபிஎஸ் கொடுத்தது. அது 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நின்றது, முதல் சிம் 850இல். தாழ்ந்த அலை சுவருக்குள்ளும் தோப்புக்குள்ளும் நுழையும், ஆனால் அதில் நெட் போகும் பாதையின் அகலம் குறைவு. உயர்ந்த அலை அகலமானது, ஆனால் ஒரு சுவர் குறுக்கே வந்தால் வாடிவிடும். மாடியில் ஜெயித்த இரண்டாவது சிம், கீழே அம்மாவின் அடுப்படியில் மைனஸ் 116க்குப் போய்விட்டது. அம்மா போனை வைப்பது அடுப்படி ஜன்னலில்தான். அதனால் மாடியில் வந்த எண்ணை வைத்து அம்மாவுக்கு சிம் மாற்ற முடியாது.

28 ஜூலை 2024, ஞாயிறு

செங்கோட்டை தாண்டிப் புளியரை வரை பைக்கில். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் இது. பிஎஸ்என்எல் சிம்மில் நெட்வொர்க் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன், நண்பன் ஓட்டினான். செங்கோட்டையில் 404-80, அது தமிழ்நாடு வட்டம். மலை ஏறத் தொடங்கி ஒரு வளைவு திரும்பியதும் 404-72, கேரள வட்டம். அடுத்த வளைவில் மறுபடி 80. எல்லைப் பலகை வருவதற்கு முன்பே போன் நாலு தடவை மாநிலம் மாறிவிட்டது. ரோமிங்குக்குத் தனிக் காசு இருந்த காலத்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ரோமிங் கட்டணம் கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. இன்று வந்த அழைப்புக்குக் காசு போகவில்லை. நண்பனை நிறுத்தச் சொல்லி அந்த வளைவில் கொஞ்ச நேரம் நின்றேன்.

9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

சித்தப்பா பிஎஸ்என்எல்லுக்கு மாற வேண்டும் என்றார். ஊரே மாறுகிறது, விலை ஏற்றவில்லை என்று.

“மாறலாம் சித்தப்பா. முதல்ல உங்க கட்டில்ல வச்சுப் பாத்துட்டு மாறுவோம்” என்றேன். என் பிஎஸ்என்எல் சிம்மை அவர் போனில் போட்டு இரண்டு நாள் விட்டேன். கட்டிலருகே மைனஸ் 79, அழைப்பு தெளிவு. 4ஜி இன்னும் வரவில்லை. சித்தப்பா பேசுவது மட்டும்தான், படம் பார்ப்பது டிவியில். அவருக்குப் பொருந்தியது. PORT என்று அடித்து, இடம் விட்டுப் போன் நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்பினோம். நிறுவனம் மாறுவதற்காக வந்த யுபிசி எண் நாலு நாள்தான் செல்லும் என்பதால் அன்றே கடைக்குப் போனோம். சிம்மை மாற்றி வாங்கி ஏழு நாள் ஆகாமல் இப்போது அந்த எண் கிடைக்காது. ஜூலை 1 முதல் வந்த விதி, நம்பரைத் திருடுகிறவர்களைத் தடுக்க. நல்ல விதி.

13 டிசம்பர் 2024, வெள்ளி

மழை விடவில்லை. அருவியில் வெள்ளம். ராத்திரியே கரண்ட் போய்விட்டது. மூன்று சிம்மையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதினேன். கரண்ட் போய் இரண்டு மணி நேரத்தில் இரண்டாவது சிம்மின் 2300 காணாமல் போனது. அப்புறம் 1800. கடைசிவரை 850 மட்டும் தாக்குப்பிடித்தது. பேட்டரியில் ஓடும்போது டவரில் அகலமான அலைகளை முதலில் அணைத்து, அழைப்புக்கானதைக் காப்பாற்றி வைப்பார்கள். அம்மாவிடம் விடியும்வரை பேச முடிந்தது. மூன்றாவது சிம் நடுராத்திரிக்குப் பிறகு வரவேயில்லை.

24 டிசம்பர் 2024, செவ்வாய்

டிராய் நேற்று விதியைத் திருத்திவிட்டது! பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும், நெட் இல்லாத வவுச்சர் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும். இந்த மாதிரி வவுச்சருக்கு அதிகபட்ச வேலிடிட்டி 90 நாளிலிருந்து 365 நாளாகிறது. கடையில் அன்றைக்கு ஆச்சி கேட்டது இதைத்தான். அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

23 ஜனவரி 2025, வியாழன்

வந்துவிட்டது. பார்த்ததும் மனசு விட்டுப்போனது. ஏர்டெல்: 84 நாள் 499. ஆறு ஜிபியோடு இருந்த அதே 84 நாள் பேக் 509. ஆறு ஜிபியை எடுத்துவிட்டுப் பத்து ரூபாய் குறைத்திருக்கிறார்கள். 365 நாளுக்கு 1,959, முன்பு 1,999. ஜியோ: 84 நாள் 458, வருஷத்துக்கு 1,958. விலைகளைப் பரிசீலிப்போம் என்று டிராய் சொல்லியிருக்கிறது.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இறக்கிவிட்டார்கள். ஏர்டெல் 84 நாள் 469, 365 நாள் 1,849. ஜியோ 84 நாள் 448, 336 நாள் 1,748. நாள் கணக்கில்: 1,849க்கு 5.07, 1,748க்கு 5.20, 448க்கு 5.33, 469க்கு 5.58. நீளமான பேக் இரண்டில் மொத்த விலை குறைவாகத் தெரிவது 1,748தான். ஆனால் நாளுக்கு மலிவு 1,849. இதற்காகத்தான் நோட்டில் அந்தப் பத்தி.

அம்மாவுக்கு 1,849 போட்டேன். அடுப்படி ஜன்னலில் நிற்கும் சிம் அதுதான். “எப்போ முடியும்னு காலண்டர்ல எழுதி வைய்யா” என்றாள். முடிவது 2026 பிப்ரவரி 1. இந்த வருஷக் காலண்டரில் அந்தத் தாள் இல்லை. ஜன்னல் பக்கச் சுவரில் பென்சிலால் எழுதினேன்.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

தைப்பூசம். இன்று ஆச்சி வருவார்கள் என்று தெரியும். ஜூலை 2இலிருந்து 28 நாள் எட்டு முறை எண்ணினால் இன்றைக்கு வருகிறது. கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறோடு வந்தார்கள்.

அண்ணாச்சி எடுத்துச் சொன்னார். 469 போட்டால் 84 நாள், ஆச்சி. மூணு 199 போட்டா 597. 128 ரூபாய் மிச்சம்.

“ஒரே தடவையா குடுக்கணுமாய்யா?”

“ஆமா ஆச்சி.”

நெட் இல்லாத பேக்கில் 28 நாள் ஏர்டெல்லும் ஜியோவும் வைக்கவில்லை. 84 நாள், 336 நாள், 365 நாள்தான். மொத்தமாகப் பணம் புரட்ட முடிகிறவர்களுக்குத்தான் நாளுக்கு ஐந்து ரூபாய். மாதாமாதம் சேர்த்துக் கொண்டு வருகிறவர்களுக்கு ஏழு ரூபாய் பதினோரு பைசா. விதி எழுதியவர்கள் 365 நாள் வரை அதிகபட்சம் வைத்தார்கள். 28 நாளும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டார்கள். டிராய்க்கு இதை எழுதி அனுப்பப் போகிறேன், ஆச்சியின் கணக்கையும் சேர்த்து.

ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணினார்கள். இருநூறு இருந்தது. “இந்தத் தடவை இதையே போடுய்யா” என்றார்கள். அண்ணாச்சி ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த தேதி மார்ச் 11.