காலையில் ஒரு நக்கல், சாயங்காலம் ஒரு நக்கல்

நாய் என்றால் நக்கத்தான் செய்யும், இதற்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று என் கணவர் கேட்டார். எங்கள் நாய் மணி அவருடைய கால்களை நக்குவதில்லை, அதனால் கேட்கலாம்.

மணி சிப்பிப்பாறைக் கலப்பு. மூன்று வயது. உசிலம்பட்டியில் அக்கா வீட்டுத் தோட்டத்தில் பிறந்து, ஒத்தக்கடையில் எங்களோடு வளர்பவன். இந்த வேட்டை நாய்கள் பொதுவாக ஒட்டி உரசுகிற ரகம் கிடையாது. தள்ளிப் படுத்துக்கொண்டு ஒரு கண்ணால் நம்மைக் கவனிக்கும், அவ்வளவுதான். மணியும் அப்படித்தான் இருந்தான். அழகர் ஆற்றில் இறங்கி, திருவிழாக் கூட்டம் எல்லாம் கலைந்த சமயத்தில்தான் இந்த நக்கும் பழக்கம் முற்றியது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்த உடனே பாதத்தில் ஆரம்பிப்பான். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று மேலே ஏறிவிட்டு மறுபடி பாதத்துக்கு வருவான். காலை இழுத்துக்கொண்டால் நாற்காலியைச் சுற்றி வந்து அடுத்த காலைப் பிடிப்பான். அதட்டினால் காதை மடக்கிக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, இன்னும் வேகமாக நக்குவான். விடியற்காலையில் என் கைக்கு அதே கதி.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அக்கா போனில், “பாசம்டி, விடு” என்றாள். பக்கத்து வீட்டு அண்ணன் உப்புச் சத்துக் குறைவு என்றார், சோற்றில் ஒரு சிட்டிகை கூடப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அப்பத்தா சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. யாருக்கு உடம்புக்கு முடியாமல் போகப் போகிறதோ அவர்களைத்தான் நாய் நக்குமாம். அப்பாவுக்கு ஏற்கெனவே சுகர். அம்மா அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

உப்பைக் கூட்டவில்லை. அதற்குப் பதிலாக, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைக்க ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு நக்கினான், யாரை, எந்த இடத்தில், அதற்கு முன்னால் என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்தோம். தாள்கள் கொஞ்சம் சேர்ந்ததும் ஒன்று புரிந்தது. இது ஒரே பழக்கம் இல்லை. சாயங்கால நக்கல் வேறு, விடியற்கால நக்கல் வேறு.

சாயங்காலம் எளிது. அப்பா தினமும் நரசிங்கம் யோக நரசிங்கப் பெருமாள் கோயில் வரை நடந்துவிட்டு வருவார். யானைமலை அடிவாரத்துப் பாறைச் சூடு சாயங்காலமும் இறங்காது. செருப்பைக் கழற்றும்போது காலில் வியர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த உப்பு நாய்க்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால் உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று ஆகாது. நாம் மிக்சர் தின்கிறோம், அதற்கு உப்புக் குறைபாடா காரணம்? அம்மாவும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்த்தான் வருகிறாள். ஆனால் அவள் வாசல் குழாயில் கால் கழுவாமல் உள்ளே வர மாட்டாள். அம்மா காலை மணி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உப்பு தொடக்கம்தான். அதற்கு மேல் அரை மணி நேரம் நக்க வேறு கூலி கிடைத்துக்கொண்டிருந்தது. தாளில் “நாங்கள் என்ன செய்தோம்” என்ற வரியைப் பார்த்தாலே தெரியும். அப்பா, “போதும்டா போதும்டா” என்றபடி தலையைச் சொறிந்துவிடுவார். அம்மா அடுப்படியிலிருந்து, “போடா அங்கிட்டு!” என்று கத்துவாள். என் மகன் உருண்டு சிரிப்பான். நாள் முழுக்க யாரும் கண்டுகொள்ளாத நாய்க்கு, நாக்கை நீட்டியதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கிடைக்கிறார்கள். திட்டு, சிரிப்பு, தள்ளிவிடும் கை எல்லாமே கவனிப்புதான்.

அதட்டினால் ஏன் கூடுகிறது என்பது கொஞ்சம் படித்த பிறகு பிடிபட்டது. ஓநாய்க் குட்டிகள், வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயோரத்தை நக்கும். நக்கினால் பெரியவை தின்ற இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். வளர்ந்த பிறகு அதே அசைவு வணக்கமாகவும், ‘நான் உனக்கு அடங்கினவன், கோபப்படாதே’ என்ற சமாதானமாகவும் ஆகிவிடுகிறது. நாய்க்கும் அது வந்திருக்கிறது. அப்படியானால் நாம் முறைக்க முறைக்க அது சமாதானம் செய்யத்தானே பார்க்கும்? நாக்கால்தான் செய்யும்.

அம்மாவுக்கு இந்த விளக்கத்தில் திருப்தி இல்லை. சீரியல் பார்த்து அழும்போது மணி வந்து கையை நக்குகிறானே, அது என்ன என்றாள். 2012இல் லண்டனில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஒருவர் அழுவதுபோல் நடித்தார், அப்புறம் சும்மா முணுமுணுத்துப் பாடினார். 18 நாய்களில் 15, அழுதவரிடம் போய் முகர்ந்தும் நக்கியும் பார்த்தன. அதை உடனே பரிவு என்று சொல்லிவிட முடியாது என்றும் அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அழுதவர்களிடம் போனால் தடவல் கிடைக்கும் என்று நாய் பழகியிருக்கலாம். இந்த இரண்டாம் பகுதியை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

விடியற்காலைதான் என்னைக் கவலைப்பட வைத்தது. நாலரை வாக்கில் கட்டிலோரம் வந்து தொங்கும் என் கையை நக்குவான். நான் அசையாமல் படுத்திருந்தாலும் நிறுத்த மாட்டான். யாருடைய கவனிப்பும் இல்லாமலே நடந்தது என்பதால் சாயங்காலக் கணக்கு இங்கே உதவவில்லை. ஒருநாள் போனில் வீடியோ எடுத்தேன். கையை விட்டுவிட்டுத் தரை டைல்ஸை நக்கினான், அப்புறம் கிரில் கேட்டின் கீழ்க்கம்பியை, மறுபடி என் கையை. நடுவில் கழுத்தை நீட்டி, களக் களக்கென்று எதையோ விழுங்கினான், வாயில் ஒன்றுமில்லை. மூக்கையும் உதட்டையும் தானே நக்கிக்கொண்டான். கதவைத் திறந்ததும் நேராகப் போய் அருகம்புல்லைக் கடித்தான். அவன் அவ்வப்போது மஞ்சளாக நுரைத்துக் கக்குவதும் உண்டு. நாய் வயிற்றைச் சுத்தம் பண்ணிக்கொள்கிறது என்று எங்கள் தெருவில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மாட்டாஸ்பத்திரிக்கு அம்மாவும் நானும் கூட்டிப்போனோம். இளவயது டாக்டரம்மா. வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, காலண்டர் தாள்களையும் வாங்கிப் புரட்டினார். வாயைத் திறந்து பல், ஈறு பார்த்தார். பல் வலி இருந்தாலும் இப்படி நாக்கைச் சுழற்றுமாம். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“நைட்டு கடைசியா எத்தனை மணிக்குச் சோறு வைக்கிறீங்கம்மா?”

“ஏழு, ஏழரைக்கு வச்சிருவேன்” என்றாள் அம்மா.

“அடுத்து?”

“காலையில எல்லாரையும் அனுப்பிட்டு, ஒன்பது ஆயிரும்.”

“பதிமூணு மணி நேரத்துக்கு மேல வெறும் வயிறும்மா.”

வயிறு காலியாகவே கிடந்தால் சில நாய்களுக்குப் பித்தநீர் குடலிலிருந்து இரைப்பைக்கு ஏறி, உள்சுவரை உறுத்தும். குமட்டும். எச்சில் ஊறும். அதை விழுங்கும், கிடைத்ததை நக்கும், புல்லைத் தேடும், கடைசியில் மஞ்சள் நுரையாகக் கக்கும். பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும். அவன் என் கையை நக்கியது என்மேல் உள்ள பிரியத்தால் அல்ல, டைல்ஸுக்குப் பக்கத்தில் கை தொங்கியதால்தான் என்பது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது.

மலப் பரிசோதனையும், ஈரல், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் சரியாக இருந்தது. மலத்தில் புழு முட்டை இருந்ததால் பூச்சி மருந்து கொடுத்தார், கூடவே வயிற்றுப் புண்ணுக்குச் சில நாள் மாத்திரை. வீட்டில் இருக்கும் நம் மாத்திரையைப் பாதியாக உடைத்து ஊட்டுகிற வேலை வேண்டாம் என்றும் எச்சரித்தார். இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாலையும் நிறுத்தச் சொன்னார், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

கனடாவில் 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வைப் பிறகு படித்தேன். தரை, சுவர் என்று ஓயாமல் நக்கும் 19 நாய்களைப் பரிசோதித்ததில் 14 நாய்களுக்கு வயிறு, குடலில் ஏதோ ஒரு கோளாறு இருந்திருக்கிறது. மனக்கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் வயிற்றைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் மணியின் கிரில் கேட் நக்கல் அதில் அப்படியே பொருந்தியது.

கிளம்பும்போது அப்பாவின் பித்தவெடிப்பைப் பற்றிக் கேட்டேன். டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். சுகர் உள்ளவர்கள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும், புண் ஆறவும் நாளாகும். வெடிப்பில் நாயின் எச்சில் பட்டால் கிருமி இறங்கும். நாய் எச்சில் புண்ணை ஆற்றும் என்று கிராமத்தில் சொல்வதை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது என்றார். வெறிநோய்க் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், காயமில்லாத தோலை நாய் நக்கினால் அது முதல் வகை, கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. காயத்தின்மேல் நக்கினாலோ, எச்சில் கண்ணிலும் வாயிலும் பட்டாலோ மூன்றாம் வகை. ஆழமாகக் கடித்ததும் அதே வகைதான். 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மதுரையில் பெரியாஸ்பத்திரி வரை அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். மணிக்கு வருடா வருடம் ஊசி போட்டிருக்கிறோம், அட்டை கையில் இருந்தது. இருந்தாலும் அப்பாவை அவருடைய டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டோம்.

இன்னொன்றையும் அன்றுதான் யோசித்தோம். அம்மா ராத்திரி முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவாள். மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான் செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியாவில் கிட்டத்தட்ட ஒழித்தது, 2006இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். நாய் அதை நக்கி விழுங்கினால் அதற்கும் ஆபத்து. இப்போது ஜெல் தடவியதும் அம்மா அறைக் கதவைச் சாத்திவிடுகிறாள்.

வீட்டில் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரி பத்தரைக்கு ஒரு கைப்பிடி சோறும் பாதி அவித்த முட்டையும். ஏழு மணிச் சோற்றில் அந்த அளவைக் குறைத்துக்கொண்டோம். அந்த வாரமே விடியற்கால நக்கல் குறைய ஆரம்பித்து, மெல்ல நின்றும் போனது. பத்தரைச் சோறு மகனின் பொறுப்பு. அவன் மறந்த ராத்திரிக்கு மறுநாள் காலை கிரில் கேட் சத்தம் கேட்கும், அதனால் இப்போது மறப்பதில்லை.

சாயங்காலம்தான் மல்லுக்கட்டு. நடந்துவிட்டு வந்ததும் அப்பா கால் கழுவ வேண்டும். வெடிப்புக்கு மருந்து போட்டு சாக்ஸ் மாட்ட வேண்டும். நாக்கு பட்டால் திட்டாமல், தள்ளாமல், முகத்தைப் பார்க்காமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். நக்காமல் உட்கார்ந்தால் அப்போது தடவல், அவித்த கோழித் துண்டு. கேட்க லேசாக இருக்கிறது. முதலில் நக்கல் இரண்டு மடங்கானது. நேற்று வரை திறந்திருந்த கடையின் ஷட்டரைப் போட்டுத் தட்டுவதுபோல் தட்டித் தீர்த்தான். அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு மனசு இளகும். “பாவம் ஆத்தா, என்னையவே சுத்திச் சுத்தி வர்றான்.” ஒரு நாள் அவர் இடம் கொடுத்துவிட்டால், விடாமல் நக்கினால் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அப்பாவைப் பழக்குவதற்கு மணியைப் பழக்கியதைவிட அதிக நாள் பிடித்தது.

நக்கும் ஆசைக்கு வேறு வடிகாலும் வேண்டும். தட்டில் தயிரை மெல்லிசாகத் தடவி ஃப்ரீசரில் வைத்து, அப்பா வரும் நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறேன். அதை அவன் நக்கி முடிப்பதற்குள் அப்பா கால் கழுவி, சாக்ஸ் மாட்டி, காபியும் குடித்துவிடுவார். மீந்த சால்னாத் தட்டு மட்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

ராத்திரிச் சோறு வைத்தும் விடியற்கால நக்கல் திரும்பினால் வயிற்றை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இதுவரை தேவைப்படவில்லை. அப்பா தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். கால் கூடாது, முழங்கை பரவாயில்லை. “அதுல வெடிப்பு இல்லையே ஆத்தா” என்கிறார். நான் சரி என்று விட்டுவிட்டேன்.