எழுதி வைப்பதும் பராமரிப்புதான்

நர்சிங் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்று, நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் பராமரிக்கக் கற்றுத்தரும் மருத்துவத் தகவல் மேலாண்மையைச் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பென்சிலின் ஒவ்வாமை என்று நர்ஸ் எழுதிய ஒரு வரி, அதே நோயாளி அடுத்த முறை வரும்போது கண்ணில் படாமல் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த வரியைக் காப்பாற்றுவதுதான் இந்தப் படிப்பு. உடற்கூறியல், புள்ளியியல், நோயாளியின் ரகசியம் காப்பது, அப்புறம் ஐசிடி குறியீடுகள், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உலக சுகாதார அமைப்பு தரும் குறியீடுகள். அதன் பதினொன்றாவது பதிப்பான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். கற்க நிறைய இருக்கிறது.

நவீன நர்சிங்கின் முன்னோடி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலே 1858இல் கிரிமியப் போரின் மரணங்களைப் புள்ளிவிவர வரைபடமாக்கி, காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றன என்று காட்டினார். நர்ஸ் கையில் இருந்த பதிவேடு அது!

இந்தப் படிப்பில் சேரும் முன் மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.