ஆரல்வாய்மொழிக் காற்றில் ஸ்லாபு

கான்கிரீட்டை உடைக்காமல் சோதிப்பது என் வேலை. தக்கலை, மார்த்தாண்டம், ஆரல்வாய்மொழி என்று குமரி மாவட்டத்தில் எங்கே போனாலும் மேஸ்திரி முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சார், சென்ட்ரிங் எப்போ பிரிக்கலாம்?" ஸ்லாபு இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்கும் பலகையும் முட்டும்தான் சென்ட்ரிங்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இல் இதற்குப் பதில் உண்டு. தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு முட்டு எடுக்க 7 நாள், அதற்கு மேல் 14 நாள். ஆனால் அது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. நம் தளங்களில் இறங்குவது பெரும்பாலும் பிபிசி எனும் நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட். அது ஆரம்பத்தில் மெதுவாகத்தான் உறுதி பிடிக்கும். அதனால் நாளை எண்ணுவதைவிடக் கான்கிரீட்டையே கேட்பது எனக்குப் பிடிக்கும்.

கான்கிரீட் போடும் முன்பே கம்பியில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒயரைக் கட்டிவிடுவோம். எவ்வளவு சூட்டில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைக் கருவி கூட்டிக்கொண்டே வரும். கணக்கின் அடி வெப்பநிலை 0 டிகிரி என்றால், சராசரி 35 டிகிரியில் ஒரு நாள் இருந்ததற்கு 840 டிகிரி-மணி. அதே கலவையில் போட்ட கியூப்களை (சோதனைக் கட்டிகளை) லேபில் உடைத்து, இத்தனை டிகிரி-மணிக்கு இவ்வளவு உறுதி என்று முன்கூட்டியே வரைந்த கோட்டோடு ஒப்பிட்டால், அப்போதைய உறுதி தெரியும். சிமெண்ட் பிராண்டை மாற்றினால் கோட்டையும் புதிதாக வரைய வேண்டும். இதை ஒப்பந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

ஒலி அலையைக் கான்கிரீட்டுக்குள் அனுப்பி அதன் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் உண்டு. புதுக் கலவைக்குள் காற்றுக் குமிழிகள் இருப்பதால், அலை தண்ணீரில் போவதைவிட மெதுவாகப் போகும். இறுக இறுக வேகம் ஏறி, நன்கு முற்றிய கான்கிரீட்டில் நொடிக்கு 4 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஆனால் ஆரல்வாய்மொழியில் கருவியை மட்டும் நம்பி நான் சம்மதம் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக வரும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. இறுகாத ஸ்லாபின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியானாலே மேலே வெடிப்பு விழலாம். தண்ணீர் போனால் சிமெண்டின் வினையும் அந்த இடத்தில் தளர்ந்து நின்றுவிடும். வெப்பத்தை அளக்கும் கருவிக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு டிகிரி-மணியைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அங்கே நான் முதலில் பார்ப்பது சாக்கைத்தான். மட்டம் தட்டியதும் பாலித்தீன் விரித்தார்களா, அப்புறம் சாக்கு போட்டு நனைத்தார்களா, ஓரங்கள் காய்ந்திருக்கின்றனவா என்று கேட்பேன். ஸ்லாபின் மேலேயே அதே சாக்குக்கு அடியில் சில கியூப்களை வைக்கச் சொல்வேன். கருவி சொன்ன உறுதியை அவையும் காட்டினால், முட்டுகளை எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.