நாற்பது நிமிடக் கணக்கு

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் மாலை, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் என்னை ஏழு முறை அழைத்திருக்கிறான். ஓர் அழைப்புகூட என்னிடம் வந்து சேரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் சிக்னல் திரும்பியபோதுதான், தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன.

புளியங்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்தத் தம்பியின் தாயாரை நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம். பல ஆண்டுகளாக என்னிடம்தான் இன்சுலின் வாங்குகிறார். அன்று நல்ல மழை. கடைவரை நடக்க முடியாமல், வெளியூர் போயிருந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி சிரிஞ்ச் வாங்கிவரச் செய்திருக்கிறார். வந்தது ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச். ஆச்சி போட்டுக்கொள்வது குப்பி மருந்து. ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான் சரி. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே ஏறுவது 0.2 மில்லி. ஆச்சியின் மருந்தில் அது வெறும் 8 யூனிட்.

மூடியின் நிறம் மாறியிருப்பதைக் கவனித்தவரே ஆச்சிதான். மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் என்னைக் கேட்கலாம் என்று அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி எடுக்கவில்லை. எப்போதும் போடுகிற அளவையே போட்டுக்கொள் அம்மா" என்று சொல்லிவிட்டான். இரவு ஒருவேளை, காலையில் ஒருவேளை. விஷயம் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்குச் சர்க்கரை 378. பெரிய ஆபத்தில்லாமல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆனாலும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இது முதல் தடவையல்ல. புரட்டாசியிலிருந்தே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போன் செத்துக் கிடந்தது. அதனால் அன்றே முடிவெடுத்துவிட்டேன், போனை மாற்றிவிட வேண்டியதுதான் என்று.

என் சந்தேகம் போன்மீது விழுந்ததற்குக் காரணம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் கையில் போன் நன்றாகவே வேலை செய்யும். ஸ்கேன் செய்து பணம் அனுப்புவார்கள். மேசைமேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ், "நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று சொல்லும். அதற்கு ஓர் அடி தள்ளி என் போன் சிக்னல் இல்லாமல் கிடக்கும். ஊருக்கெல்லாம் கிடைப்பது எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் குறை என் கையில் இருப்பதில்தானே? வாங்கி நாலு வருடமான போன் வேறு. செல்போன் கடையில் காட்டினேன். "உள்ளே ஆன்டெனா போயிருக்கும் அண்ணாச்சி, இதற்குச் செலவு செய்வது வீண்" என்று சொல்லி 17,500 ரூபாய்க்கு ஒன்றை எடுத்து வைத்தார்கள். பழையதற்கு 2,200 கழித்துக்கொள்வார்களாம். மீதியைத் தவணையில் கட்டலாம் என்று ஒப்புக்கொண்டு, ஆதார் நகல் எடுத்துவர வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் தங்கை மகன் வந்திருந்தான். "மாமா, சிக்னல் போகும்போது திரையில் என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று இருக்கும். "அப்படியென்றால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது" என்றான். அவன் விளக்கியது இது. ஆன்டெனா கெட்டுப்போன போனுக்கு எந்த டவரும் தெரியாது. 'சேவை இல்லை' என்று மட்டும் காட்டும். 'அவசர அழைப்புகள் மட்டும்' என்றால், நம் நிறுவனத்தின் டவர் கிடைக்கவில்லை, வேறொரு நிறுவனத்தின் டவரைப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறது, 112 போன்ற எண்ணுக்கு மட்டும் அது வழிவிடும் என்று பொருள். தினமும் கண்முன் நின்ற மூன்று சொற்கள். நான் ஒருநாளும் படித்துப் பொருள் கொள்ளவில்லை. சவுண்ட் பாக்ஸுக்கும் உள்ளே தனி சிம் உண்டு, அது வேறு நிறுவனத்தினுடையது என்பதும் அன்றுதான் உறைத்தது.

மறுமுறை சிக்னல் போனபோது என் சிம்மை அவன் போனிலும் அவன் சிம்மை என் போனிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவன் சிம் என் போனில் நாலு கோடு காட்டியது. என் சிம் அவனுடைய புதுப் போனில் செத்துக் கிடந்தது. ஐந்து நிமிட வேலை. அந்த 17,500 ரூபாயை நான் கொடுத்திருந்தால் புதுப் பெட்டிக்குள் அதே நோயை வைத்துக்கொண்டு அலைந்திருப்பேன்.

பிறகு கணக்கு எழுதத் தொடங்கினேன். கொள்முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அக்டோபர் 27 முதல் நவம்பர் 15 வரை, சிக்னல் எப்போது போனது, எப்போது வந்தது என்று நேரத்தோடு குறித்தேன். இருபது நாளில் பதினொரு முறை. எழுதிக்கொண்டே வரும்போதுதான் பக்கத்தில் மின்தடை நேரத்தையும் குறிக்கத் தோன்றியது. 2.10-க்கு மின்சாரம் போயிருக்கிறது, 2.50-க்கு சிக்னல். 6.35-க்கு மின்சாரம், 7.12-க்கு சிக்னல். பதினொன்றில் ஒன்பது இப்படித்தான். ஏறக்குறைய நாற்பது நிமிட இடைவெளி. மின்சாரம் வந்த பத்து நிமிடத்தில் சிக்னலும் வந்துவிடும்.

டவர் நிற்கும் மாடிக்குச் சொந்தக்காரர் என்னிடம் இரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர். நோட்டைக் காட்டியதும் அவர் வியப்படையவில்லை. டவருக்குக் கீழே ஒரு பீரோ போல இருக்கும் பெட்டியில்தான் பேட்டரிகள் இருக்கின்றன; மின்சாரம் போனால் அவைதான் தாங்க வேண்டும்; அவை ஓய்ந்துவிட்டால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். பேட்டரியை மாற்றிப் பல வருடமாகிறது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வந்தே மாதக்கணக்காகிறது என்றார். மீதி இரண்டு முறை சிக்னல் போனது, சாலைப் பணிக்குத் தோண்டிய இயந்திரம் கண்ணாடியிழைக் கேபிளை அறுத்ததால்.

அவரிடம் கேட்ட இன்னொரு கேள்வி என்னைப் பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது. உங்கள் டவரில் வேறு யாருடைய கருவிகள் இருக்கின்றன என்று கேட்டேன். நான் மாறலாம் என்று நினைத்திருந்த நிறுவனமும் அதே டவரில்தான் இருந்தது. அதே பேட்டரி, அதே ஜெனரேட்டர். பல நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வது இப்போது சாதாரணம். அங்கே மாறியிருந்தால் சிம்மின் நிறம் மட்டும்தான் மாறியிருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் நம்மைச் சுற்றி எங்கெங்கே டவர் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம்; தங்கை மகன் அதில் பார்த்து, பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு டவர் இருப்பதைக் காட்டினான். அந்த டவரில் இருக்கும் நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி, போனில் காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் போட்டேன். அதன் பிறகு பழைய சிம்மில் சிக்னல் போனபோதெல்லாம் பார்த்ததில் புதிய சிம் ஒரே ஒரு முறைதான் போனது, கேபிள் அறுந்த ஒரு நாள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் விதி. அந்த வரைபடங்களில் எங்கள் தெரு எல்லா நிறுவனங்களின் வண்ணத்திலும் நிறைந்திருக்கிறது. இரண்டு வாரம் பக்கத்தில் வைத்துச் சோதித்ததுதான் எனக்கு உண்மையைச் சொன்னது.

இடையில் புகாரும் கொடுத்தேன். 198-ஐ அழைத்தால் புகார் எண் ஒன்று தருவார்கள். அதைக் குறித்துக்கொள்வது முக்கியம். மூன்றாம் நாள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. அன்று மாலையே மின்சாரம் போய் நாற்பதாவது நிமிடம் சிக்னலும் போனது. அதற்கு மேல் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அங்கிருந்து அழைத்தவர், சிம் பழையது, மாற்றிப் பாருங்கள் என்றார். டவரில் பேட்டரி இல்லை என்று நான் சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை. எதையும் விடக் கூடாது என்று நவம்பர் 12 அன்று தென்காசி போய் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கிவந்தேன். பலனில்லை. அதைவிட, அந்த சிம் மாற்றம் எனக்கே தடையாக வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இழப்பீடு கிடைக்குமா என்றும் பார்த்தேன். ஒரு மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், மாதக் கட்டணக்காரர்களுக்கு வாடகையில் கழிவும் முன்கட்டணக்காரர்களுக்குக் கூடுதல் நாட்களும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஒரே ஒரு டவர், ஒருநாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள் என்று மாதக்கணக்கில் ஓர் ஊரை வாட்டினால் அது இந்த விதிக்குள் வருவதே இல்லை. ஆச்சியின் அந்த இரண்டு வேளை எந்த மாவட்டக் கணக்கில் வரும்? சிற்றூர்களில் டவர் எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இயங்க வேண்டும் என்பதை எழுதி வைத்து, அதைச் சோதிக்க ஆளும் அனுப்ப வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கும் வசதி இது. மருந்து மொத்த வியாபாரி, வங்கி, நூற்றுக்கணக்கான நோயாளிகள் எல்லோரிடமும் இருப்பது இந்த எண்தான். அதை விட்டுவிட முடியாது. குறுஞ்செய்தியில் போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, நம் எண்ணை அடித்து 1900-க்கு அனுப்ப வேண்டும். விலை குறைந்த திட்டங்களில் வெளியே செய்தி அனுப்ப வழியில்லாமல் முன்பு சிலர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் இந்தச் செய்தியை அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. செய்தியை அனுப்ப எனக்குச் சிக்னல் வேண்டுமே! மின்சாரம் வரும்வரை காத்திருந்து அனுப்பினேன்.

மறுப்பு வந்தது. சிம் மாற்றி 7 நாள் ஆகாவிட்டால், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டைத் தரமாட்டார்கள். பிறர் எண்ணுக்குக் கள்ளத்தனமாக சிம் வாங்கி, அதை உடனே வேறு நிறுவனத்துக்கு மாற்றிப் பணம் திருடுவதைத் தடுக்க 2024 ஜூலை முதல் வந்த விதி. நியாயமான விதி என்றே சொல்வேன். ஆனால் மாறும் எண்ணம் இருப்பவர்கள் அதற்கு முன்னால் சிம்மை மாற்றாதீர்கள், அல்லது 7 நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

20-ஆம் தேதி மீண்டும் அனுப்பினேன். எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வந்தது. தமிழ்நாட்டில் அது 4 நாள்வரை செல்லும். நம் இணைப்புக்கு 90 நாள் ஆகியிருக்க வேண்டும், மாதக் கட்டணம் பாக்கி இருக்கக் கூடாது, பெயர் மாற்றம் நடுவில் நிற்கக் கூடாது. குறியீட்டையும் ஆதாரையும் புது நிறுவனத்தின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துக் கைரேகை வைத்ததும் புது சிம் கொடுத்துவிட்டார்கள். பழைய திட்டத்தில் எனக்கு இன்னும் 31 நாள் இருந்தது. அது போனது போனதுதான், புது நிறுவனத்துக்கு வராது. மனைவி அதைப் பற்றி வருத்தப்பட்டாள். எனக்கு வருத்தமில்லை. அன்று சாயங்காலமே பழைய நிறுவனத்திலிருந்து அழைத்து, கட்டணத்தைக் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். "பேட்டரி மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், விற்பனைப் பிரிவில் இருப்பவர். அவரைக் கோபித்துப் பயனில்லை.

ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது தமிழ்நாடு போன்ற ஒரே சேவைப் பகுதிக்குள், மாறுவதற்கு 3 வேலை நாள். 24-ஆம் தேதி இரவு மாற்றம் நடக்கும் என்று செய்தி வந்தது. இரவில் சில மணி நேரம் எந்த சிம்மும் இயங்காது. விடிகாலை நாலரைக்கு எழுந்து பார்த்தேன். பழைய சிம் செத்திருந்தது. புதியதைப் போட்டதும் எண் உயிர் பெற்றது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்திருக்கலாம். சிம் மாறியதும் யு.பி.ஐ. செயலி எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொன்னது. சரிபார்த்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியவில்லை. அன்று மொத்த வியாபாரிக்கு 23,000 ரூபாய் கொடுக்க வேண்டிய நாள். காசோலை எழுதிக் கொடுத்தேன். வாடகையோ கல்விக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் மாற்றம் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் எண்ணைப் பழைய நிறுவனத்திலேயே விட்டிருக்கிறோம். இரண்டு டவரில் ஒன்றாவது இயங்கும் என்று நினைக்கிறேன். போன் அதே நாலு வருடத்துப் போன்தான்.

28-ஆம் தேதி மாலை மின்சாரம் போனது. அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் மணி பார்த்தேன். நாற்பது நிமிடம் கழிந்தது. ஒரு மணி நேரமும் கழிந்தது. ஏழே காலுக்குத் திருப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. ஆச்சிக்குப் புதுப் பெட்டி பிரித்திருக்கிறார்களாம். மூடி என்ன நிறம் என்று முதலில் கேட்டேன்.

"சிவப்புதான் அண்ணாச்சி" என்றான்.