பழி போன வழியிலேயே மன்னிப்பும் போகட்டும்

பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினாலும், கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கனை நிறுத்தினாலும் முதலில் அதில்தான் போடுவோம். விசைப்படகு முதலாளிகளான சம்மாட்டிகள், நாட்டுப்படகுக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு.

விடிந்தால் குரூப் முழுக்க வேத வசனங்கள்தான். ஒரு பூ, ஒரு சூரிய உதயம், அதன் மேல் 'ஒருவரையொருவர் மன்னியுங்கள்'. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. கடலுக்குப் போகிற மனிதர் நல்ல வார்த்தையோடு கிளம்பட்டும். ஆனால் மன்னிப்பு நிஜமாகவே தேவைப்படுகிற நாளில் அந்தப் படங்கள் கைகொடுத்து நான் பார்த்ததில்லை.

பெரும்பாலும் அது வலை அறுந்த நாளாக இருக்கும். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், நாட்டுப்படகுக்காரர் நண்டு வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்திருப்பார். விசைப்படகின் இழுவைமடி அந்தப் பக்கம் போனால் வலை போச்சு. கடன் வாங்கி வாங்கிய வலை. இந்தத் தகராறு ரொம்பப் பழையது. விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள் என்று முறை வைத்ததே இதற்காகத்தான். முன்பெல்லாம் கரையில் சத்தம் போடுவார்கள், ஊர்ப் பெரியவர் நடுவில் வருவார், ஒரு தொகை பேசி முடிப்பார்கள். இப்போது சிக்னல் கிடைத்த இடத்திலிருந்தே ஆடியோ வந்துவிடுகிறது.

அப்படித்தான் நாட்டுப்படகுக்காரர் ஒருவர், ஒரு சம்மாட்டியைப் பெயர் சொல்லித் திருடன் என்றார். அவர் வீட்டுப் பெண்களையும் இழுத்தார். இருவரும் ஒரே கிறிஸ்தவக் கோயிலில் பூசை காண்கிறவர்கள். அறுத்தது வேறு படகு என்று மறுநாள் தெரிந்தது. உடனே சம்மாட்டி வீட்டுக்குப் போய், "மன்னிச்சிருங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, விடுப்பா" என்றார் அவரும். ஆடியோவை நான் குரூப்பிலிருந்து நீக்கினேன்.

குரூப்பில் நீக்கினால் குரூப்பில் மட்டும்தான் போகும். ஃபார்வர்டு ஆனது அங்கங்கே அப்படியே இருக்கும். மண்டபம், தொண்டி வரை அது போய்விட்டது. கல்லூரியில் படிக்கும் சம்மாட்டியின் மகளுக்கு அவள் தோழியே அனுப்பிவைத்தாள். திட்டியது கரைக்கே தெரியும். மன்னித்தது ஒரு வீட்டுத் திண்ணைக்குத்தான் தெரியும். எனக்கு அது ஆறவே இல்லை.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு தெளிவாகச் சொல்கிறார்: சகோதரன் தவறு செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, சபைக்கு வருவது அதற்கும் பிறகு. நாம் முதல் வேலையாகச் சபையில் வைத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் தனியே முடித்துக்கொள்கிறோம்.

இயேசுவின் சீடர் பேதுருவும் நம்மைப் போல வலை போட்டுப் பிழைத்தவர்தான். ஆண்டவரைத் தெரியாது என்று அவர் 3 முறை சொன்னது முற்றத்தில், கரிநெருப்பு அருகே, நாலு பேர் கேட்க. பிறகு யோவான் 21இல், இரவு முழுக்க ஒன்றும் படாமல் களைத்திருந்த 7 சீடர்களுக்குக் கரையில் அதே போலக் கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்துக் காத்திருக்கிறார் இயேசு. சாப்பிட்ட பிறகு பேதுருவிடம் 3 முறை கேட்கிறார், "என்மேல் அன்பாயிருக்கிறாயா?" கூட வேலை செய்த ஆட்கள் இருந்த அதே கரையில் பேதுருவுக்குப் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கிறார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இதைச் சொல்லித்தான் அந்த நாட்டுப்படகுக்காரரிடம் கேட்டேன், "அண்ணே, எங்க திட்டுனீங்களோ அங்கயே சொல்லிருங்களேன்." கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒரு ராத்திரி ஆடியோ வந்தது. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வலையை அறுத்தது அவரு படகு இல்ல. வீட்டுப் பொம்பளைங்களப் பேசுனது அதவிடத் தப்பு. அவரு என்னைய மன்னிச்சிட்டாரு. அந்த ஆடியோவ யாருக்கு அனுப்புனீங்களோ அவங்களுக்கு இதையும் அனுப்புங்க." அதில் வசனம் எதுவும் இல்லை. இந்த ஆடியோவை முதலில் ஃபார்வர்டு செய்தவர் ஒரு முஸ்லிம் சம்மாட்டி. திட்டு வாங்கியவரோ, புது வலைக்கு முன்பணம் தரச் சொல்லித் தான் மீன் போடும் கம்பெனியில் பேசுவதாகக் கீழே எழுதியிருந்தார்.

இரக்கத்தின் யூபிலி ஆண்டான 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் தன் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், குறுஞ்செய்தியும் சமூக வலைத்தளமும்கூட முழு மனித உறவாக அமைய முடியும், அது கருவியைப் பொறுத்ததல்ல, உள்ளத்தைப் பொறுத்தது என்றார். நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் உள்ளத்தில் இருப்பது போய்ச் சேர வேண்டிய காதுகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

எல்லோருக்கும் அது போய்ச் சேரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இப்போது பெயர் சொல்லித் திட்டி ஆடியோ வந்தால் பார்த்த உடனே நீக்கிவிட்டு, அனுப்பியவரைக் கூப்பிட்டு, சம்பந்தப்பட்டவரின் நம்பரைக் கொடுத்து நேரில் பேசச் சொல்கிறேன். "நீ விசைப்படகுக்காரங்க ஆளா?" என்று சிலர் கோபப்படுவார்கள். படட்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து படகுகள் இறங்கும் வாரத்தில்தான் இது அதிகம்; அந்த நாட்களில் சாப்பிடும்போதுகூடப் ஃபோனைத் தள்ளி வைப்பதில்லை.