மூன்று வாளித் தண்ணீர்

எட்டாம் வகுப்பில், சாப்பிட்டதும் வாய் கழுவியதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'வொஷ்' என்று போட்டிருந்தேன். எங்கள் ஆங்கில ஆசிரியர் அதன் கீழே கோடு இழுத்துவிட்டு, "சவர்க்காரம் போட்டே வாய் கழுவினனீர், தம்பி?" என்று கேட்டார். பிறகு வகுப்பு முழுவதையும் விடுதிக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தன் கைலேஞ்சியை நனைத்து, சன்லைட் சவர்க்காரம் பூசி, கல்லில் தேய்த்தார். எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. சவர்க்காரம் இலேசில் நுரைக்காது, வெள்ளைக் கசடாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். "இது வொஷ். ஊத்தை போட்டுது. இனிக் கொடியிலை போடலாமோ?" கைலேஞ்சியை முதல் வாளிக்குள் அமிழ்த்தினார், தண்ணீர் பால் போலக் கலங்கியது. இரண்டாவது வாளியில் கலங்கல் குறைந்தது. மூன்றாவதில் வாளியின் அடி தெரிந்தது. "இது ரின்ஸ். இதுக்கு நல்ல தண்ணி மட்டும் காணும்."

அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டார். துணியை என்ன செய்வீர்கள்? அலசுவோம். வாயை? கொப்பளிப்போம். அரிசியை? களைவோம். தமிழில் இத்தனை சொல் இருக்க, ஆங்கிலக்காரன் எல்லாவற்றையும் ரின்ஸ் என்ற ஒன்றுக்குள் அடக்கிவிடுகிறான் என்றார். மொழிபெயர்க்கும்போது சொல்லைத் தேடாதே, கை என்ன செய்கிறது என்று பார் என்று அவர் சொன்னதை இன்றும் பெரிய பாடமாக வைத்திருக்கிறேன். பல வருடம் கழித்து அகராதியில் பார்த்தேன். வொஷ் என்பது வோட்டர் என்ற சொல்லுக்கு உறவான பழைய ஆங்கிலச் சொல். ரின்ஸ் பிரெஞ்சு வழியாக வந்தது, 'புதிய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் வேர் என்று கருதுகிறார்கள். புதுத் தண்ணீர்! சேர் காட்டியதும் அதைத்தானே.

1988 இல் ரொறன்ரோவுக்கு வந்து, நம்மில் பலரைப் போல நானும் உணவகத்தில் கோப்பை கழுவினேன். மூன்று தொட்டிகள். சுவரில் வொஷ், ரின்ஸ், சானிடைஸ் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் இரண்டையும் எனக்கு யாரும் விளக்கவேண்டி வரவில்லை. மூன்றாவதுதான் புதிது: கிருமி நீக்குவது. இன்றைய ஒன்ராறியோ விதிப்படி 77 பாகை செல்சியஸ் வெந்நீர் அல்லது 100 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 100 பங்கு) குளோரின் கரைசல், குறைந்தது 45 விநாடி. நடுத்தொட்டியில் சரியாக அலசாமல் விட்டால் மிஞ்சிய சவர்க்காரம் அந்தக் குளோரினின் வேலையைக் கெடுத்துவிடும்.

ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி, கோப்பைகளை முதல் தொட்டியிலிருந்து நேரே மூன்றாவதற்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்து நடுத்தொட்டிக்குள் வைத்து, "இஞ்சை அலசவேணும், தம்பி. தண்ணி கலங்கினால் மாத்தும்" என்றேன். அவர் குனிந்து தொட்டியின் அடி தெரிகிறதா என்று பார்த்தார்.