ஏற்றியதை இறக்கிய இரவு

மீனம்பாக்கத்தில் எரிபொருள் பிரிவில் சேர்ந்த முதல் மாதம் முழுவதும் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்ப்பதுதான். விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும், இரவெல்லாம் அசையாமல் நின்ற ரீஃப்யூலர் லாரியின் தொட்டிக்கு அடியிலுள்ள வடிகுழாயை விடியற்காலையில் திறந்து, வருவதை ஜாடியில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். விமான எரிபொருளான ஜெட் ஏ-1 நிறமற்றோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்கலாம். ஆனால் கலங்கல் இல்லாமல் பளிச்சென்று இருந்தாக வேண்டும். ஜாடியை மெல்லச் சுழற்றினால் நடுவில் ஒரு சுழி உண்டாகும். தூசியோ நீர்த்துளியோ இருந்தால் அந்தச் சுழிக்குக் கீழே, அடிப்பாகத்தின் மையத்தில் வந்து கூடிவிடும். கண்ணுக்குத் தப்பும் நீரைக் கண்டுபிடிக்க ஊசியில்லாத ஒரு சிரிஞ்ச் உண்டு. அதன் முனையில் மஞ்சள் நிற வில்லை ஒன்றைப் பொருத்தி எரிபொருளை உறிஞ்சினால், நீர் கலந்திருக்கும்போது வில்லை பச்சை, நீலம் என்று நிறம் மாறும். மழைக்காலத்தில் அந்த வில்லையைப் பார்க்கும் கணத்தில் எனக்கு இன்றும் வயிறு கொஞ்சம் இறுகத்தான் செய்கிறது.

நீருக்கு இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் எளியது. ஜெட் ஏ-1 ஏறக்குறைய மைனஸ் 47 டிகிரி வரை உறையாமல் இருக்க வேண்டும் என்பது தர விதி. நீரோ பூஜ்யத்திலேயே உறைந்துவிடும். நெடுந்தூரம் உயரத்தில் பறக்கும் விமானத்தின் இறக்கைத் தொட்டி அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட குளிரில்தான் பல மணி நேரம் இருக்கிறது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த போயிங் 777 ஒன்று லண்டன் ஹீத்ரோவில் ஓடுதளத்தைத் தொடுவதற்கு முன்பே தரையில் விழுந்ததற்கு, எரிபொருளிலிருந்த நீர் பனித்துகள்களாகி எஞ்சினுக்குப் போகும் வழியை அடைத்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த எரிபொருள் தர விதிக்கு உட்பட்டதாகவே இருந்தது என்பதுதான் எங்களைப் போன்றவர்களை அதிகம் யோசிக்க வைத்தது. விதிக்குட்பட்ட அளவு நீரே அவ்வளவு செய்யுமானால், ஜாடியை அலட்சியமாகப் பார்ப்பவனைப் பற்றி என்ன சொல்வது?

அடுத்துக் கற்றது மின்னூட்டம். எரிபொருள் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். அது குழாயிலும், அதைவிட அதிகமாக வடிகட்டியிலும் உராய்ந்து ஓடும்போது மின்னூட்டம் சேர்கிறது. லாரிக்கும் விமானத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வளர்ந்து, ஹோஸின் முனையான நாசில் தொடும் இடத்தில் பொறி பறந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே பாண்டிங் கேபிள் எனப்படும் இணைப்புக் கம்பியை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். எல்லாம் முடிந்து ஹோஸைக் கழற்றிய பிறகுதான் கம்பியை எடுக்க வேண்டும். கம்பியின் கவ்வி பெயின்ட் பூசிய பரப்பைக் கடித்துக்கொண்டிருந்தால் அது மாட்டாததற்குச் சமம். புதிதாக வருபவர்கள் இந்த வரிசையை ஒப்பிக்கத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். வெற்று உலோகம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் வருவதற்குத்தான் சில மாதங்கள் ஆகும்.

இவை எல்லாவற்றிலும் நான் கவனமாகவே இருந்தேன். நான் தவறிய இடம் கணக்கு.

லாரியின் மீட்டர் லிட்டரில் ஓடுகிறது. விமானியோ கிலோவில் கேட்கிறார், ஏனெனில் பறப்பது எடையைப் பொறுத்த காரியம். இரண்டுக்கும் நடுவே நிற்பது அடர்த்தி, அதுவும் நிலையானதல்ல. 15 டிகிரியில் லிட்டருக்கு 0.795 கிலோ எடையுள்ள அதே எரிபொருள் சென்னை மே மாத வெயிலில் 35 டிகிரியைத் தொடும்போது 0.780-க்கு இறங்கிவிடும். 10,000 லிட்டருக்கு இந்த வேறுபாடு 150 கிலோ, அதாவது இரண்டு பயணிகளின் எடை. ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டியபோது, அகமதாபாத்தில் எரிபொருள் நான்கு காலன் தகரங்களில் மாட்டு வண்டியில் வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தபால் பிறகு பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் வந்தது. தகரங்களை எண்ணினால் போதுமாக இருந்த அந்தக் காலத்தை நினைத்து நான் சில இரவுகளில் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அது ஒரு நவம்பர் இரவு. உள்நாட்டுச் சேவை ஒன்றுக்கு, ஒற்றை இடைவழி கொண்ட நடுத்தர விமானத்துக்கு நிரப்ப வேண்டியிருந்தது. வழக்கமாக விமானத்தின் பலகையில் மொத்த அளவைக் கிலோவில் பதித்துவிட்டால், தொட்டி அந்த அளவை எட்டியதும் வால்வுகள் தாமாக மூடிக்கொள்ளும். அன்று அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை. தொழில்நுட்பப் பணியாளர் வால்வுகளைக் கையால் திறந்து மூட வேண்டிய நிலை. நேரமாகிக்கொண்டிருந்ததால் அவரே கணக்குப் போட்டு, ஒரு துண்டுத் தாளில் 7000 என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, சரக்கு அறைக் கதவில் ஏதோ சிக்கல் என்று அழைத்ததால் ஓடினார். தேவைப்பட்டது 5,500 கிலோ. அன்றைய அடர்த்தி 0.786, வகுத்தால் ஏறக்குறைய 7,000 லிட்டர். அவர் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தார். நானோ அந்த எண்ணைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் 0.786-ஆல் வகுத்தேன். 8,906 வந்தது. அதையே மீட்டரில் இலக்காக வைத்தேன்.

நிரப்பும்போது டெட்மேன் என்ற கைப்பிடி ஒன்றை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். கையை விட்டால் ஓட்டம் நின்றுவிடும். தூங்கியபடி பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறை விட்டுப் பிடிக்கவும் வேண்டும். அன்று நான் ஒருமுறையும் தவறாமல் விட்டுப் பிடித்தேன். என் கை விழித்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தக் கைப்பிடி சாட்சி சொல்லும். நிமிடத்துக்கு 800 லிட்டர் போல ஓடிக்கொண்டிருந்ததால், மிகையாக ஏறிய 1,906 லிட்டரும் மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் உள்ளே போய்விட்டது. பணியாளர் திரும்பி வந்து பலகையைப் பார்த்ததும் முகம் மாறினார். "அண்ணே, எவ்வளவு போட்டீங்க?" என்றார். நான் தாளை நீட்டினேன். இருவரும் அந்த ஒற்றை எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றரை டன் அதிகம். விமானம் நிறைய பயணிகளும் சரக்கும் இருந்ததால், போய்ச் சேரும் இடத்தில் இறங்கும்போது அனுமதிக்கப்பட்ட எடையை அது தாண்டிவிடும் என்று விமானி கணக்கிட்டுச் சொன்னார். இறக்கித்தான் ஆக வேண்டும்.

எரிபொருளை இறக்குவது நிரப்புவதைத் திருப்பிப் போட்ட வேலை என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். முதலில் பொறியாளரின் எழுத்துமூலக் கோரிக்கை வேண்டும். நிரப்பும்போது, கதவுகளுக்கும் தீயணைப்புக்கும் உரிய நிபந்தனைகளோடு, பயணிகள் உள்ளே இருக்க அனுமதி உண்டு; இறக்கும்போது ஒருவரும் இருக்கக் கூடாது. பாதிப் பேர் ஏறி அமர்ந்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கிய ஒரு பெண் என்னைக் கடந்து பேருந்துக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த அம்மாவுக்கு நான்தான் காரணம் என்று தெரிந்திருக்க வழியில்லை.

பிறகு வெறுமையான ரீஃப்யூலர் ஒன்று வேண்டும், ஏனெனில் விமானத்திலிருந்து வருவது எங்கள் சரக்கோடு கலக்கக் கூடாது. அது வருவதற்குள் பொறியாளர் இறக்கையின் அடியிலுள்ள வடிகால்களிலிருந்து மாதிரி எடுத்தார். முதல் ஜாடியின் அடியில் கடுகளவில் நாலைந்து நீர்முத்துகள் உருண்டன. இது எங்கள் லாரியிலிருந்து வந்ததல்ல. உயரத்தில் குளிர்ந்துபோன தொட்டி கீழே இறங்கும்போது, காற்றுத்துளை வழியாகச் சென்னையின் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்த்துச் சொட்டி அடியில் சேர்கிறது. நீரும் எரிபொருளும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில்தான் பூஞ்சையும் வளரும். பழுப்பான கொழகொழப்பு எதுவும் இருக்கிறதா என்று பொறியாளர் டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். இல்லை. இரண்டாவது ஜாடி பளிச்சென்று வந்தது.

வண்டி வந்ததும் சக்கரக் கட்டை வைத்து, பாண்டிங் கேபிளை மாட்டி, ஹோஸைப் பொருத்தினோம். நிரப்பும்போது நம் பம்ப் தள்ளுகிறது. இறக்கும்போது உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அதிக வேகத்தில் இழுத்தால் ஹோஸ் சப்பிப்போகும், காற்று கலந்து நுரைக்கும். ஆகவே மெதுவாகவே இழுக்க முடியும். இரண்டு இறக்கைகளிலும் சமமாகக் குறைகிறதா என்று பொறியாளர் விமானத்தின் பலகையில் கண் வைத்திருந்தார். நம் தொட்டி நிரம்பி வழியாமல் பார்ப்பது என் பொறுப்பு. நிரப்பும்போது வழிவதற்கு வாய்ப்புள்ள இடம் இறக்கை முனையின் காற்றுத்துளை. இறக்கும்போது அந்த ஆபத்து நம் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் பல்லாவரம் மலைப் பக்கம் மின்னியது. உடனே நிறுத்தி, ஹோஸைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். மூன்று நிமிடத்தில் ஏறியதை இறக்கி முடிக்க, காத்திருந்த நேரத்தையும் சேர்த்து, ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என்னிடம் தள்ளி, "தம்பி, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க" என்றார். தொட்டியில் 7,682 லிட்டர் இருக்கிறது. பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். இன்னும் எத்தனை லிட்டர் ஏற்ற வேண்டும்? அடர்த்தி 0.803 என்று கொடுத்தார். நான் இருப்பைக் கிலோவாக்கி, கழித்து, மீண்டும் லிட்டராக்கி, 20,088 என்று எழுதினேன். "அவங்க ஏத்தினது 4,917" என்றார் அவர்.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது அது. புத்தம் புதிய போயிங் 767. அந்நாட்டில் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எரிபொருள் அளவுகாட்டிகள் வேலை செய்யாததால் அளவுகோலால் அளந்து கணக்கிட்டார்கள். லிட்டரைப் பவுண்டாக்கும் 1.77 என்ற பழைய எண்ணால் பெருக்கிவிட்டு, வந்த விடையைக் கிலோ என்று எழுதிக்கொண்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானம் வானத்தில் இரண்டு எஞ்சினும் நின்றுபோய், கிளைடரைப் போல மிதந்து வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். நான் அதிகமாக ஏற்றியவன். அவர்கள் குறைவாக ஏற்றியவர்கள். இரண்டு இடத்திலும் கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை என்பதைத்தான் அவர் என் கையாலேயே காட்டினார்.

இறக்கிய எரிபொருள் சிவப்பு அட்டை மாட்டப்பட்டு, எங்கள் யார்டின் ஒரு மூலையில், அதே வண்டியிலேயே நின்றது. நாமே ஏற்றிச் சில மணி நேரத்திலேயே இறக்கியதற்கு இந்தத் தீண்டாமை எதற்கு என்று இளைஞன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் ஏற்றியது மட்டும் திரும்பி வரவில்லை. வேறு ஊர்களில் ஏற்றியதோடு கலந்து வந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவில் எரிபொருள் ஏற்றிக்கொண்ட ஏர்பஸ் ஏ330 ஹாங்காங்கை நெருங்கும்போது இரண்டு எஞ்சின்களும் விமானியின் கட்டளைக்குப் படியாமல் போயின. நிலத்தடிக் குழாய் விரிவாக்கப் பணியின்போது புகுந்த உப்புநீரால், வடிகட்டியில் நீரை உறிஞ்சுவதற்கென்றே வைத்திருந்த பாலிமர் நுண்உருண்டைகளாகி எரிபொருளோடு போய் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கருவியை இறுக்கிவிட்டது. ஏறக்குறைய 230 நாட் என்ற, வழக்கத்தைவிட மிக அதிகமான வேகத்தில் அது தரை இறங்கியது. காவலுக்கு வைத்த பொருளே கலப்படமாக மாறிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அவ்வகை வடிகட்டிகளையே கைவிடும் முடிவுக்குத் துறை வந்து சேர்ந்தது. ஒரு விமானத்தின் தொட்டிக்குள் போய் வந்ததைப் பொதுச் சேமிப்பில் ஊற்ற மறுப்பதில் தீண்டாமை ஏதும் இல்லை. அதன் பிறப்பிடம் நமக்கு முழுதாகத் தெரியாது என்பதுதான் விஷயம்.

ஆய்வகத்திலிருந்து அறிக்கை வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒரு வண்டி குறைவாக இருந்ததால் சக ஊழியர்கள் கூடுதலாக ஓட வேண்டியிருந்தது. அவர்களுடைய முணுமுணுப்பை நான் காதில் வாங்காதது போலவே இருந்தேன். அப்படி இறக்கிய எரிபொருளை அதே நிறுவனத்தின் விமானத்துக்கு, அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாம் நாள் காலை அந்த வண்டியை நானே ஓட்டிப் போனேன். விமானத்தின் அடியில் அதே பணியாளர் நின்றிருந்தார். துண்டுத் தாளை எடுத்து எண்ணை எழுதி, பக்கத்தில் 'லிட்டர்' என்று முழுதாக எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்தார்.

"லிட்டர்," என்று நான் உரக்கப் படித்தேன்.

"லிட்டரேதான், அண்ணே," என்றார். நான் பாண்டிங் கேபிளை எடுக்கப் போனேன்.